பிரான்சைஸ் ஃபீஸை "இப்போது வாங்காதே" என்று ஒரு மாநிலம் சொன்னால், அது உங்களுக்கு எதைச் சொல்கிறது?

அமெரிக்காவில் ஒரு பிரான்சைஸ், அதாவது ஒரு நிறுவனத்தின் பெயரிலும் முறையிலும் சொந்தமாகக் கடை நடத்தும் உரிமை, எடுக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கடையின் பெயரைப் பார்ப்பார்கள், அப்புறம் ராயல்டி, அதாவது விற்பனையில் நிறுவனத்துக்குத் தொடர்ந்து கொடுக்க வேண்டிய பங்கு, எத்தனை சதவீதம் என்று கேட்பார்கள். ஆரம்பக் கட்டணம் என்று 30,000, 40,000 டாலர் வாங்குகிறார்களே, அதைப் பற்றி யாரும் அதிகம் யோசிப்பதில்லை. கையெழுத்துப் போடும் அன்றே கட்ட வேண்டும், கட்டினால் திரும்ப வராது, எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ஒரே நிறுவனம், ஒரே கடை, ஒரே 40,000 டாலர். டெக்சாஸில் எடுக்கிறவர் கையெழுத்தோடு பணத்தையும் அனுப்ப வேண்டியிருக்கும், மேரிலாந்தில் எடுக்கிறவருக்கோ "கடை திறப்பதற்கு முன் நாங்கள் செய்ய வேண்டியதை எல்லாம் செய்து முடித்த பிறகு கட்டினால் போதும்" என்று ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் எழுதியிருக்கும்.

நிறுவனம் மனமிரங்கிக் கொடுத்த சலுகை இல்லை இது, மாநில அரசு கட்டாயப்படுத்தி எழுத வைத்தது. ஏன் கட்டாயப்படுத்தியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது, மேரிலாந்துப் பக்கமே போகாதவருக்கும் அது பயன்படும்.

முதலில் இந்தப் பணம் எதற்கு என்று பார்ப்போம். பெயரைப் பயன்படுத்தும் உரிமை, பயிற்சி, கடை நடத்தும் முறைகளைச் சொல்லும் கையேடு, இடத்தைப் பார்த்துச் சரி சொல்வது, திறப்பு விழா வாரத்தில் ஆள் அனுப்பி உதவுவது, இதற்கெல்லாம் சேர்த்துத்தான் ஆரம்பக் கட்டணம். கையெழுத்துப் போட்ட நாளுக்கும் கடை திறக்கும் நாளுக்கும் நடுவே ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். இடம் தேட வேண்டும், வாடகை ஒப்பந்தம் முடிய வேண்டும், நகராட்சி அனுமதி வர வேண்டும், உள்வேலை நடக்க வேண்டும். இத்தனை மாதமும் உங்கள் பணம் அவர்களிடம் இருக்கிறது, அவர்கள் தர வேண்டிய சேவையில் பெரும்பகுதி இன்னும் வரவில்லை. வீடு கட்டும்போது மேஸ்திரிக்கு அஸ்திவாரம் போடும் முன்பே முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுக்க நம் ஊரில் யாராவது சம்மதிப்பார்களா? இங்கே அதைத்தான் செய்கிறோம், அதுவும் பெரும்பாலும் முன்பின் தெரியாத ஆளிடம்.

இன்னொன்று, விற்கிறவர்கள் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள். பிரான்சைஸ் தரகர் ஒருவர் மூலமாக நீங்கள் வந்திருந்தால், அந்த ஆரம்பக் கட்டணத்தில் பெரிய பங்கு, பல சமயம் பாதிக்கு மேல், தரகருக்குக் கமிஷனாகப் போய்விடும். ஆகவே 40,000 டாலரும் உங்கள் பயிற்சிக்காக எங்கோ ஒரு கணக்கில் காத்திருக்கிறது என்று நினைக்க வேண்டாம்.

பணம் போய், கடை வராமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பர்கரிம் ஒரு உதாரணம். சின்னச் சின்ன பர்கர்கள் விற்ற சங்கிலி. 2022 பிப்ரவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், அதாவது எஃப்.டி.சி., அந்த நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. 1,500-க்கும் மேற்பட்டவர்களுக்கு பிரான்சைஸ் விற்று, ஆளுக்கு 50,000 முதல் 70,000 டாலர் வரை வாங்கி, கடை திறக்க முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லியும் தரவில்லை என்பது குற்றச்சாட்டு. பணம் கட்டியவர்களில் பெரும்பாலானோர் கடையே திறக்கவில்லை. இத்தனை பேரிடமும் வாங்கி முடித்த பிறகுதான் எஃப்.டி.சி.யின் வழக்கு வந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஏன் முன்கூட்டியே தடுக்கவில்லை என்று கேட்டால், மத்திய அரசின் விதி அப்படிப்பட்டது. 1979-ல் நடைமுறைக்கு வந்து 2007-ல் திருத்தப்பட்ட எஃப்.டி.சி. பிரான்சைஸ் விதி சொல்வது இதுதான்: 23 தலைப்புகள் கொண்ட ஒரு விவர ஆவணத்தை, எஃப்.டி.டி. என்று எல்லோரும் சொல்வார்கள், கையெழுத்துப் போடுவதற்கோ பணம் கட்டுவதற்கோ குறைந்தது 14 நாட்களுக்கு முன் உங்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். அந்த ஆவணத்தை எஃப்.டி.சி.யில் யாரும் முன்கூட்டிப் படித்துப் பார்த்து முத்திரை குத்துவதில்லை. விற்கிற நிறுவனத்திடம் பணம் இருக்கிறதா இல்லையா என்பதும் அவர்கள் பார்க்கிற வேலை இல்லை. விவரத்தைச் சொல்லிவிட்டால் போதும், முடிவு உன் பாடு.

மாநிலங்களில் சில இதோடு நிற்கவில்லை. 1970-ல் கலிஃபோர்னியா முதன்முதலாக ஒரு பிரான்சைஸ் சட்டம் போட்டது, அது 1971-ல் நடைமுறைக்கு வந்தது. பங்குப் பத்திரம் விற்பதற்கு இருந்த சட்டங்களின் சாயலில் எழுதியது அது. பங்கு விற்கிறவன் முதலில் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்றால், பிரான்சைஸ் விற்கிறவனும் செய்யட்டுமே என்பதுதான் யோசனை. அதைப் பார்த்து மற்ற மாநிலங்களும் போட்டன. இன்றைக்குச் சுமார் 14 மாநிலங்களில் ஏதாவது ஒரு விதப் பதிவு இருக்கிறது. மிச்சிகன், விஸ்கான்சின் போன்ற இடங்களில் பெரும்பாலும் அறிவிப்பைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் முடிந்தது. ஆனால் மேரிலாந்து, வர்ஜீனியா, இல்லினாய்ஸ், வாஷிங்டன், மினசோட்டா, கலிஃபோர்னியா மாதிரி இடங்களில் ஓர் அதிகாரி உட்கார்ந்து உண்மையிலேயே ஆவணத்தைப் படிக்கிறார். பல இடங்களில் அவர் செக்யூரிட்டீஸ், அதாவது பங்குப் பத்திரங்களைக் கண்காணிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறவர். கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சந்தேகப்படுவதுதான் அவர் தொழில்.

எஃப்.டி.டி.யின் 23 தலைப்புகளையும் ஐட்டம் என்று எண் போட்டுச் சொல்வார்கள். அவர் முதலில் போகிற இடம் ஐட்டம் 21, நிறுவனத்தின் தணிக்கை செய்த கணக்கு. அங்கே என்ன பார்ப்பார் என்று ஒரு கற்பனைக் கணக்கை வைத்துச் சொல்கிறேன்.

ஒருவர் மூன்று டீக்கடை வைத்து நன்றாக ஓட்டுகிறார். கூட்டம் அள்ளுகிறது. பிரான்சைஸ் கொடுக்கலாம் என்று முடிவு செய்து, வக்கீல் சொன்னபடி அதற்கென்று புதிதாக ஒரு எல்.எல்.சி., அதாவது முதலாளியின் சொந்தச் சொத்திலிருந்து பிரிந்து நிற்கும் நிறுவனம், ஆரம்பிக்கிறார். அதில் 60,000 டாலர் போடுகிறார். எஃப்.டி.டி. எழுதிய வக்கீலுக்கு, தணிக்கையாளருக்கு, வெப்சைட்டுக்கு என்று 45,000 போய்விடுகிறது. மீதி 15,000. மூன்று கடையின் லாபமும் வேறு எல்.எல்.சி.யில் இருக்கிறது, இந்த பேலன்ஸ் ஷீட்டில் அதற்கு இடமில்லை. வழக்கு என்று வந்தால் கடைகளைத் தொட முடியாதபடி பிரித்து வைப்பதற்குத்தானே புது நிறுவனம். இப்போது அந்த அதிகாரி யோசிக்கிறார்: இந்த நிறுவனம் இந்த வருடம் ஐந்து பேருக்கு விற்கப் போவதாகச் சொல்கிறது. ஒவ்வொருவருக்கும் இரண்டு வாரப் பயிற்சி, அப்புறம் திறப்பு வாரத்தில் இரண்டு ஆளை விமானத்தில் அனுப்ப வேண்டும். கையில் இருப்பது 15,000. அப்படியென்றால் முதல் ஆள் கட்டுகிற பணத்தை எடுத்து ஆபீஸ் வாடகை கட்டுவார்கள், இரண்டாவது ஆள் கட்டுவதை வைத்து முதல் ஆளுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். விற்பனை நின்றால் எல்லாம் நின்றுவிடும்.

உடனே ஒரு கடிதம் போகும். உங்கள் நிதி நிலைமை திருப்தியாக இல்லை, பிரான்சைஸ் எடுப்பவர்களுக்கு ஏதாவது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு செய்யுங்கள், அப்போதுதான் பதிவு. வழிகள் சில உண்டு. கட்டணத்தை எல்லாம் ஒரு வங்கியில் எஸ்க்ரோ கணக்கில் பூட்டி வைத்து, கடை திறந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். ஷ்யூரிட்டி பாண்ட், அதாவது ஒரு காப்பீட்டு நிறுவனம் நிற்கிற ஜாமீன், வாங்கிக் கொடுக்கலாம். வசதியான தாய் நிறுவனம் இருந்தால் அது பொறுப்பேற்று எழுதிக் கொடுக்கலாம். முதலாளியே இன்னும் பணம் போட்டு பேலன்ஸ் ஷீட்டைப் பலப்படுத்தலாம். எதுவும் முடியாவிட்டால், சரி, கடை திறக்கும் வரை கட்டணமே வாங்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். இந்தக் கடைசி வழிக்குத்தான் கட்டணத் தள்ளிவைப்பு என்று பெயர். சின்ன நிறுவனங்கள் பெரும்பாலும் இதைத்தான் எடுக்கின்றன, ஏனென்றால் எஸ்க்ரோவுக்கு வங்கியைப் பிடிக்க வேண்டும், பாண்டுக்குப் பிரீமியம் கட்ட வேண்டும், இதற்கோ ஒரு பத்தி மாற்றி எழுதினால் போதும்.

அந்தப் பத்தியை நிதானமாகப் படிக்க வேண்டும். எல்லா மாநிலத்திலும் ஒரே மாதிரி இருக்காது, ஒரு சொல் மாறினால் தேதியும் மாறிவிடும். மேரிலாந்திலும் வர்ஜீனியாவிலும் வழக்கமாக வருகிற வாசகம், கடை திறப்பதற்கு முன் நிறுவனம் செய்ய வேண்டிய கடமைகளை முடிக்கும் வரை கட்டணம் தள்ளிவைக்கப்படும் என்று போகும். இல்லினாய்ஸில் நிறுவனம் தன் ஆரம்பக் கடமைகளை முடித்திருக்க வேண்டும், அதோடு நீங்களும் வியாபாரத்தைத் தொடங்கியிருக்க வேண்டும். வாஷிங்டனில் ஆரம்பப் பயிற்சி முழுவதும் கிடைத்து, கடையும் திறந்திருக்க வேண்டும். மேலோட்டமாக எல்லாம் ஒன்று போலத் தெரியும். பயிற்சி முடிந்துவிட்டது, கையேடு வந்துவிட்டது, இடத்துக்கும் ஒப்புதல் கொடுத்தாயிற்று, ஆனால் நகராட்சியில் அனுமதி மூன்று மாதமாக இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேரிலாந்து வாசகப்படி "எங்கள் கடமை முடிந்தது, பணத்தைக் கட்டுங்கள்" என்று நிறுவனம் கேட்க இடம் இருக்கிறது. இல்லினாய்ஸிலோ வாஷிங்டனிலோ கடைக் கதவு திறக்காமல் அப்படிக் கேட்க முடியாது. கடமைகள் என்னென்ன என்று ஐட்டம் 11-ல் பட்டியல் இருக்கும், இந்தப் பத்தியையும் அதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

ஒரே நேரத்தில் மூன்று, ஐந்து கடைக்குச் சேர்த்து ஒப்பந்தம் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மேரிலாந்தில் பொதுவாக முதல் கடை திறக்கும் வரைதான் அந்த மொத்தப் பணமும் தள்ளிப்போகும். முதல் கடை திறந்ததும் திறக்காத நாலு கடைக்கான பணமும் கேட்கப்படலாம். என்னைக் கேட்டால் முதல் தடவையே ஐந்து கடைக்கு ஒப்பந்தம் போடுவதே அவசரம். சரி, அது வேறு பேச்சு.

தள்ளிவைப்பு என்றால் தள்ளுபடி என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு டாலர்கூடக் குறையாது. அதைவிட, பணம் கேட்கப்படும் நாள் கடை திறக்கிற வாரம், அதாவது உங்கள் கையில் காசு மிகக் குறைவாக இருக்கும் வாரம். உள்வேலைக்காரருக்குப் பாக்கி, முதல் சரக்கு, முதல் சம்பளம் எல்லாம் அப்போதுதான் வரிசையில் நிற்கும். தள்ளிவைத்திருக்கிறார்களே என்று அந்த 40,000-ஐ எடுத்து உள்வேலைக்குப் போட்டுவிட்டு, திறப்பு நாளன்று முழிக்காதீர்கள். வங்கிக் கடன் வாங்குகிறீர்கள் என்றால் இந்தப் பணம் எப்போது வெளியே போகும் என்பதைக் கடன் கொடுப்பவருக்கு முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அதேபோல இது மூன்றாம் ஆட்களுக்குக் கொடுக்கும் பணத்தைத் தொடாது. கட்டட உரிமையாளருக்கு அட்வான்ஸ், கட்டுமானச் செலவு, வேறு கம்பெனியிடம் வாங்குகிற அடுப்பு, ஃப்ரீசர் எல்லாம் உங்கள் கையை விட்டுப் போகத்தான் செய்யும். 40,000 டாலர் ஆரம்பக் கட்டணம் என்றால் மொத்த முதலீடு மூன்று, நான்கு லட்சம் டாலர் இருக்கலாம். ஐட்டம் 7-ல் அந்த மொத்தக் கணக்கு இருக்கும். நிறுவனம் நடுவில் படுத்துவிட்டால் உங்களுக்குத் தப்புவது அந்த 40,000 மட்டும்தான்.

நியாயமாக ஒரு கேள்வி எழும். காசில்லாத நிறுவனத்திடம் காசும் வாங்காதே என்று சொன்னால், அது எதை வைத்துப் பயிற்சி கொடுக்கும்? பிரான்சைஸ் வக்கீல்கள் இந்த விதியைக் குறை சொல்லும்போது இதைத்தான் சொல்வார்கள், அதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. சில புது நிறுவனங்கள் இந்த மாநிலங்களின் பக்கமே வராமல், பதிவு கேட்காத இடங்களில் மட்டும் விற்கின்றன. ஆனாலும் என் கணக்கு வேறு. இந்த விதி தருவதில் பணம் சில மாதம் பத்திரமாக இருப்பது சின்ன லாபம்தான். ஓர் அரசு அதிகாரி அந்த நிறுவனத்தின் கணக்கை எடுத்துப் படித்துவிட்டு "எனக்குத் திருப்தி இல்லை" என்று எழுத்தில் பதிவு செய்திருக்கிறாரே, அது இலவசமாகக் கிடைக்கிற ஆலோசனை. எஃப்.டி.டி.யின் முன்பக்கங்களில் சிறப்பு அபாயங்கள் என்று ஒரு பக்கம் உண்டு. அதில் நிதி நிலைமை என்ற தலைப்பில், உங்களுக்குச் சேவையும் ஆதரவும் தரும் சக்தி இந்த நிறுவனத்துக்கு இருக்கிறதா என்பதே கேள்விக்குரியது என்கிற மாதிரி ஒரு வாசகம் இருந்தால், பின்னிணைப்பில் தள்ளிவைப்புப் பத்தியும் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் ஒரே பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்து எழுதியவைதானே.

பார்த்த உடனே ஓடிவிட வேண்டும் என்றும் சொல்லவில்லை. நேற்று ஆரம்பித்த எல்.எல்.சி.க்கு இந்தப் பத்தி வருவது சகஜம், அதற்கு வயது போதவில்லை, அவ்வளவுதான். கணக்கு விதி ஒன்றும் சேர்ந்து குழப்பியது. முன்பெல்லாம் கடை திறந்த அன்றே ஆரம்பக் கட்டணம் முழுவதையும் வருமானமாகக் காட்டிக்கொள்ளலாம். 2018-லிருந்து படிப்படியாக வந்த புதிய விதிப்படி அதில் பெரும்பகுதியை ஒப்பந்தக் காலம் முழுவதும், பத்து வருடம் என்றால் பத்து வருடத்துக்கும், பரப்பிக் காட்ட வேண்டி வந்தது. மிச்சம் பேலன்ஸ் ஷீட்டில் கடன்களைக் காட்டும் பொறுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். நன்றாக ஓடுகிற நிறுவனம்கூடத் தாளில் கடனாளி மாதிரித் தெரிந்தது. பங்குச் சந்தையில் இல்லாத நிறுவனங்களுக்கு 2021-ல் கொஞ்சம் தளர்வு கொடுத்தார்கள். ஆகவே பொறுப்புத் தொகை பெரிதாக இருந்தால் அது வங்கிக் கடனா, பரப்பி வைத்த கட்டணமா என்று பாருங்கள். இப்படிக் கணக்கில் பரப்பி வைப்பதற்கும் கட்டணத் தள்ளிவைப்புக்கும் ஆங்கிலத்தில் டிஃபெரல் (deferral) என்ற ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துவார்கள், அதில் குழம்பாதீர்கள். ஒன்று வாங்கிய பணத்தைக் கணக்கில் எப்போது காட்டுவது என்பது, மற்றது பணத்தையே எப்போது வாங்குவது என்பது.

என்னைப் பொறுத்தவரை கவலைப்பட வேண்டிய இடம் எட்டு, பத்து வருடமாக விற்றுக்கொண்டிருந்தும் இன்னும் இந்தப் பத்தி ஒட்டிக்கொண்டிருக்கும் நிறுவனம். பதிவை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், நிதி நிலைமை தேறினால் கட்டுப்பாட்டை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். இத்தனை வருடம் ராயல்டி வாங்கியும் தேறவில்லை என்றால் ஐட்டம் 20-ஐத் திறந்து எத்தனை கடை திறந்தது, எத்தனை மூடியது, கையெழுத்துப் போட்டும் திறக்காமல் எத்தனை நிற்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டியதுதான். தணிக்கையாளர் தன் குறிப்பில் இந்த நிறுவனம் தொடர்ந்து நடக்குமா என்பதே சந்தேகம் என்று எழுதியிருந்தால், அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது டெக்சாஸ், ஜார்ஜியா, நியூ ஜெர்சி வாசிகளுக்கு. நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிற இந்த மாநிலங்களில் இப்படிக் கணக்கைப் படித்துப் பதிவு கொடுக்கிற ஏற்பாடு இல்லை. இந்தியாவிலும் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது, ஒப்பந்தச் சட்டத்தை வைத்துத்தான் ஓட்டுகிறோம், அதனால் இப்படி ஒரு பாதுகாப்பு வேறு ஊரில் இருக்கிறது என்பதே நமக்குத் தோன்றாது. ஆனால் உங்களுக்கு வருகிற எஃப்.டி.டி. பல சமயம் எல்லா மாநிலத்துக்கும் பொதுவான ஒரே பி.டி.எஃப். முந்நூறு பக்கத்தில் கடைசியில் மாநிலப் பின்னிணைப்புகள் இருக்கும். நமக்கு எதற்கு மேரிலாந்து என்று தள்ளிவிட்டுப் போய்விடுவோம். போகாதீர்கள். மேரிலாந்து, வர்ஜீனியா, இல்லினாய்ஸ் பக்கங்களைப் படியுங்கள். அங்கே தள்ளிவைப்பு இருந்தால் உங்களிடம் வாங்கப் போகிறதும் அதே நிறுவனம்தான், பேலன்ஸ் ஷீட்டும் அதேதான்.

அதை வைத்துப் பேரமும் பேசலாம். மேரிலாந்துக்காரருக்குக் கடை திறக்கும் வரை பொறுக்கிறீர்கள், எனக்கும் பொறுங்கள், இல்லையென்றால் பணத்தை எஸ்க்ரோவில் போடுகிறேன், அதுவும் முடியாது என்றால் பாதி இப்போது பாதி திறப்பன்று என்று கேட்டுப் பாருங்கள். பெரிய பிராண்டு சிரித்துவிட்டு முடியாது என்று சொல்லும். நாலாவது ஐந்தாவது ஆளைத் தேடிக்கொண்டிருக்கிற புது நிறுவனம் இறங்கி வரலாம். எதற்கு ஒத்துக்கொண்டாலும் ஒப்பந்தத்தில் ஏற வேண்டும், விற்பனையாளரின் ஈமெயில் போதாது. தள்ளிவைப்பு இருக்கிற மாநிலத்தில் நீங்கள் இருந்து, ஏரியாவைப் பிடித்து வைக்க 5,000 டாலர் மட்டும் டெபாசிட் போடுங்கள் என்று யாராவது கேட்டால், அந்தத் தொகை பின்னிணைப்பில் சொன்ன ஆரம்பக் கட்டணத்தில் சேருமா என்று மாநில அலுவலகத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள். அலுவலகத்தின் முகவரி எஃப்.டி.டி.யிலேயே இருக்கும்.

பி.டி.எஃப்.பில் மாநிலப் பின்னிணைப்பே இல்லையா? விஸ்கான்சின், மினசோட்டா, கலிஃபோர்னியா மூன்றும் தங்களிடம் பதிவான எஃப்.டி.டி.களை இணையத்தில் தேடிப் பார்க்க விடுகின்றன, காசு கிடையாது. நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள், முந்தைய வருடத்து ஆவணம் கிடைத்தால் அதையும் இறக்கி, ஆரம்பக் கட்டணத்தைச் சொல்லும் ஐட்டம் 5-ஐ இரண்டிலும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போன வருடம் இல்லாத தள்ளிவைப்பு இந்த வருடம் முளைத்திருந்தால் நடுவில் என்ன நடந்தது என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். மூன்று தளத்திலும் பெயரே வரவில்லை என்றால், ஏன் இந்த மாநிலங்களில் எங்கும் பதிவு செய்யவில்லை என்று கேளுங்கள், அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.